வெட்டி ஒட்டிய பேச்சு

என் கணவர் மலேசிய ராணுவத்தில் இருந்தவர். பேராக்கின் வடக்கே, தாய்லாந்து எல்லையை ஒட்டிய காட்டில் ரோந்து போனபோது கண்ணிவெடியை மிதித்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். இதைச் சொன்ன உடனே கேட்பவர்களின் முகம் இளகிவிடும். "பாவம்லா" என்பார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் எவ்வளவோ பொறுத்திருப்பீங்க" என்பார்கள். அந்த இளகிய முகங்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பொறுத்தேன்தான். ஆனால் அவர்கள் மனதில் ஓடும் படம் வேறு, எங்கள் வீடு வேறு.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆவதற்குள் அது நடந்தது. அதற்கு முன்பு விடுமுறையில் வந்தால் சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஓயாமல் பேசுவார். மருத்துவமனையிலிருந்து வந்தவர் வேறு ஆள். ஒரு மூடி கீழே விழுந்தால் போதும், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் பிடித்துத் தள்ளுவார். ஒருமுறை அப்படித் தள்ளியதில் என் கை ஒடிந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று டாக்டரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு நான் சமையலறையில் பாய் விரித்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுப் படுக்க ஆரம்பித்தேன். அவர் கூடத்தில் ஊன்றுகோலோடு நடப்பார். அந்தச் சத்தம் கதவுக்கு அருகில் வருகிறதா, விலகிப் போகிறதா என்று கேட்டுக்கொண்டே கிடப்பேன். என் மகள் அந்தப் பாயில் என் பக்கத்தில் படுத்து வளர்ந்தவள். இப்போது கோலாலம்பூரில் இருக்கிறாள். தீபாவளிக்கு வருவாள், சாப்பிடுவாள், சாயங்காலமே கிளம்பிவிடுவாள். தங்கமாட்டாள்.

அவர் தள்ளுவதும் அடிப்பதும் நின்று பல வருஷம் ஆகிறது. அவருக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். யாரும் யாரையும் மன்னித்துவிடவில்லை. ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில், தாமான் குடியிருப்பில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு பேரும் இருக்கிறோம். உப்பு, மருந்து, கரண்ட் பில், இவற்றைப் பற்றிப் பேசிக்கொள்வோம்.

சிம்பாங் பூலாய் அக்கா என்று நான் கூப்பிடுகிறவரை முதலில் சந்தித்தது ஈப்போவில், செயற்கைக் கால் பொருத்தும் இடத்தில். அவருடைய கணவரும் பழைய ராணுவக்காரர். ஆண்கள் உள்ளே போனதும் நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். நல்ல வெயில். அக்கா கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவை இறுக்கிப் போட்டிருந்தார்.

"வேர்க்கலையாக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துப்பட்டாவை இரண்டு விரலால் விலக்கிக் காட்டினார். நீலமாக விரல் தடங்கள்.

"தூக்கத்துல செய்றதும்மா. விடிஞ்சா அவருக்கு ஒண்ணுமே தெரியாது" என்றார்.

அங்கேயே ஆரம்பித்ததுதான் எங்கள் குழு. எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சிலர் விதவைகள். சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தின் பக்கத்து அறையில் கூடுவோம். தைப்பிங்கிலிருந்து ஓய்வுபெற்ற தாதி ஒருவர் வருவார். மனநல வார்டில் வேலை செய்தவர். அவரிடம் எதைச் சொன்னாலும் முகம் இளகாது. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்தது. "அப்புறம் நீங்க என்ன செஞ்சீங்க?" என்றுதான் கேட்பார்.

கோயிலில் புதுப்பிக்கும் வேலை தொடங்கியது. அறை போய்விட்டது. தாதியின் காரும் அடிக்கடி நின்றுபோனது. வாடகைக்கு ஓர் அறை எடுக்கவும், அவர் வந்து போகும் செலவுக்கும் யாராவது கொடுத்தால் தேவலை என்று பேசிக்கொண்டோம். அப்போது ஒருவர் சொன்னார், டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர் அறவாரியம் வைத்து, பழைய ராணுவ வீரர்களுக்கும் குடும்பங்களுக்கும் உதவி செய்கிறாராம். சிம்பாங் பூலாய்ப் பக்கம் கல்லுடைக்கும் மலை வைத்திருப்பவர். போய்க் கேட்டோம்.

அறவாரியத்தின் வேலைகளைப் பார்த்துக்கொண்டவர் முப்பது வயதுப் பெண். நல்ல தமிழ், நல்ல சிரிப்பு. நாங்கள் என்ன செய்கிறோம் என்று நான் விளக்கினேன். கழுத்துத் தடங்களையும் தாழ்ப்பாளையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"ரொம்ப முக்கியமான வேலை ஆன்ட்டி. ஆனா டோனர்ஸுக்கு ஒரு முகம் வேணும். அங்கிள் யூனிஃபார்ம் இன்னும் வச்சிருக்காரா?"

"அவருக்கு எங்க குழுவப் பத்தி ஒண்ணும் தெரியாது. இது பொம்பளைங்க குழு" என்றேன்.

"தெரியும் ஆன்ட்டி. ஆனா முதல்ல ஹீரோ. அப்புறந்தான் ஃபேமிலி. அப்படித்தான் கொடுப்பாங்க."

அந்தச் சொல்லுக்கே எழுந்து வந்திருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிம்பாங் பூலாய் அக்கா என் தொடையில் கை வைத்து அழுத்தினார். அவருக்கு அந்த அறை வேண்டும். சனிக்கிழமை மட்டும்தான் அவர் துப்பட்டாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்.

வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "எந்த நாளு?" என்று மட்டும் கேட்டார். பீரோவின் மேலிருந்து தொப்பிப் பெட்டியை அவரே இறக்கித் துடைத்துவைத்தார்.

கேமராவோடு வந்தார்கள். எங்கள் சோபாவை நகர்த்தினார்கள், காலண்டரைக் கழற்றினார்கள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, செயற்கைக் காலைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். மறுபடியும் மாட்டச் சொன்னார்கள். மாட்டினார். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு தடவை கழற்றச் சொன்னார்கள். அவருடைய தாடை இறுகுவதைப் பார்த்து, பழைய பழக்கத்தில் நான் அடுப்பங்கரைப் பக்கம் ஒதுங்கினேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. கழற்றினார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டு, டீ ஆற்றச் சொல்லி எடுத்தார்கள். பிறகு அந்தப் பெண் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"அங்கிள் திரும்பி வந்ததும் உங்க வாழ்க்கை எப்படி இருந்துச்சு ஆன்ட்டி?"

என் கணவர் அப்போது வெளியே போர்ட்டிக்கோவில் இருந்தார். கதவு திறந்திருந்தது. கேட்டால் கேட்கட்டும் என்று நினைத்தேன்.

"பல வருஷம் நான் தூங்குனதே இல்ல. ராத்திரி முழுக்க அவரோட காலடியவே கேட்டுக்கிட்டு இருப்பேன். பயம். எந்நேரம் கதவ ஒடச்சிட்டு வருவாரோன்னு. எம்புள்ளய அணைச்சிக்கிட்டு அடுப்படியில படுத்துக் கெடந்தேன். இந்த மாதிரி எத்தன வீடு இருக்கு தெரியுமா? அந்தப் பொம்பளைங்களுக்குத்தான் நாங்க இடம் கேக்குறோம்."

"சூப்பர் ஆன்ட்டி" என்றார் அந்தப் பெண்.

பணம் திரட்டும் விருந்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஈப்போவில் ஓர் ஓட்டலில் வைத்தார்கள். பெரிய பெரிய வட்ட மேசைகள், பட்டுப் புடவைகள், பாத்தேக் சட்டைகள். என்னையும் சிம்பாங் பூலாய் அக்காவையும் ஓரத்து மேசையில் உட்காரவைத்தார்கள். என் கணவர் முன்னால், டத்தோவுக்குப் பக்கத்தில், தொப்பியும் பதக்கமுமாக. கோழி பரிமாறிக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள்.

வயலின் இழுத்தது. காடு வந்தது, அது எந்த ஊர்க் காடோ. காலைக் கழற்றுவது வந்தது. பிறகு நான் வந்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். என் குரல் கேட்டது:

"பல வருஷம் நான் தூங்குனதே இல்ல. ராத்திரி முழுக்க அவரோட காலடியவே கேட்டுக்கிட்டு இருப்பேன்."

அதோடு நின்றது. அடுத்து ஓர் ஆணின் கனத்த குரல், "தன் வீரனுக்காக விழித்திருந்த மனைவி. காலை இழந்தவனுக்குக் காலாக நின்றவள்" என்றது. மறுபடியும் வயலின்.

மண்டபமே கைதட்டியது. எதிர் மேசையில் ஓர் அம்மாள் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.  சிம்பாங் பூலாய் அக்கா என் காதருகே குனிந்து, "நீ இப்படியா சொன்ன?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார்.  இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

விளக்கு வந்ததும் டத்தோ மேடையேறினார். என் கணவரின் தோளில் கைபோட்டுக் கூட்டிப்போனார். ஆள் உயர அட்டையில் செய்த காசோலையை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். படம் எடுத்தார்கள். "நம்ம ஹீரோ ரெண்டு வார்த்தை பேசுவாரு" என்று டத்தோ மைக்கை நீட்டினார்.

அவர் மைக்கை வாங்கினார். வீட்டில் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர்.

"படத்துல போட்டது பொய்" என்றார்.

யாரோ சிரித்தார்கள்.

"அவ எனக்காக முழிச்சிருக்கல. என்னப் பாத்துப் பயந்து முழிச்சிருந்தா. நான் அவ கைய ஒடச்சிருக்கேன். கதவச் சாத்திட்டுப் படுப்பா. எனக்குத் தெரியும். நான் அந்தக் கதவுகிட்ட போயி நிப்பேன், திரும்பி வந்துருவேன். இதுதான் நடந்தது. வயலினெல்லாம் வேணாம்."

மைக்கை டத்தோவின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். இறங்கும்போது படியில் கால் தடுமாறியது. பிடிக்க ஓடிவந்தவரின் கையைத் தட்டிவிட்டார்.  எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கும்பிட்ட அம்மாள் அவசரமாகத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

இந்த இடத்தில் என் மனம் நிறைந்தது, கண்ணீர் வந்தது என்று எழுதினால் படிப்பவர்களுக்குப் பிடிக்கும். எனக்கு வந்தது ஆத்திரம். காரில் ஏறியதும் கதவை அடித்துச் சாத்தினேன். நான்தான் ஓட்டினேன். மெங்லெம்பு தாண்டும்வரை பொறுத்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும்னு சொன்னீங்களே. இத்தன வருஷமா தெரியுமா?"

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட சொல்ல வாயில்ல. கோழி தின்னுக்கிட்டு இருக்குறவங்ககிட்ட போயி சொல்லுறீங்க. நான் யாரு உங்களுக்கு?"

"நீ மட்டும் கேமராக்காரன்கிட்ட சொல்லல?"

"நான் உங்களுக்குக் கேக்கட்டும்னு சொன்னேன்!"

"கேட்டுச்சு. அதான் சொன்னேன்" என்றார்.

 அன்றைக்கு நான் சமைக்கவில்லை. அவர் ரொட்டியைச் சீனியில் தொட்டுச் சாப்பிட்டார்.

அந்த அட்டைக் காசோலையில் எழுதியிருந்த பணம் கைக்கு வரவே இல்லை. அறவாரியத்துக்கு அழைத்தால் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்றார்கள். சில வாரம் கழித்து அந்தப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றார். அதே சிரிப்பு. கேட்டுக்கு வெளியே நிற்கவைத்தே பேசினேன்.

"டத்தோ ரொம்ப வருத்தப்பட்டாரு ஆன்ட்டி. டோனர்ஸ் சில பேர் கோச்சிக்கிட்டாங்க. அங்கிள் அன்னைக்கு உடம்பு சரியில்லாம, ஏதோ மனக்கொழப்பத்துல பேசிட்டேன்னு சின்னதா ஒரு வீடியோல சொல்லிட்டா போதும். பணத்த ரிலீஸ் பண்ணிருவோம்."

"அவருக்குக் கொழப்பம் ஒண்ணும் இல்ல. அன்னைக்குத்தான் தெளிவா பேசுனாரு."

"ஒரே நிமிஷம்தான் ஆன்ட்டி. உங்க பொம்பளைங்களுக்குத்தானே நல்லது?"

பின்னால் அவர் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"சொல்லிர்றேன்" என்றார். "எனக்கென்ன. பைத்தியம்னு வேணும்னாலும் சொல்லிர்றேன். அவங்களுக்கு ரூம்பு வேணும்ல."

அவர் அதை நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். அதனாலேயே எனக்கு இன்னும் எரிந்தது.

"நீங்க உள்ள போங்க" என்றேன். அந்தப் பெண்ணிடம் திரும்பினேன். "அவரு கொழம்பிப் பேசுனாருன்னா, என் கை ஒடஞ்சதும் கொழப்பமா? சிம்பாங் பூலாய் அக்கா கழுத்துல இருந்ததும் கொழப்பமா? ஒங்க படத்துல நான் சொல்லாதத என்னயச் சொல்ல வச்சீங்க. இப்போ அவரு சொன்னதயும் இல்லன்னு சொல்ல வைக்க வந்திருக்கீங்க. கெளம்புங்க."

"ஆன்ட்டி, நான் வேலை செய்ற ஆளு மட்டும்தான்" என்றார். முதல்முறையாக அந்தச் சிரிப்பு போயிருந்தது.

"தெரியும். அதுக்குத்தான் டத்தோவ நானே போயிப் பாக்குறேன்."

ஏனென்றால் அதற்குள் படம் ஃபேஸ்புக்கில் வந்துவிட்டது. கோலாலம்பூரிலிருந்து மகள் அனுப்பியிருந்தாள். கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: "அம்மா, இது என்ன?" நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அந்த அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தவள் அவள். அவளுக்கு நான் என்ன விளக்கம் சொல்வேன்?

நானும் சிம்பாங் பூலாய் அக்காவும் கல்மலை அலுவலகத்துக்குப் போனோம். வாசலில் நிறுத்தியிருந்த லாரிகளிலிருந்து கூரைவரை எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. வெகுநேரம் காக்கவைத்து உள்ளே விட்டார்கள். டத்தோ எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மரியாதையில் குறை வைக்கவில்லை.

"அந்தப் படத்துல இருந்து என் பேச்ச எடுத்துருங்க டத்தோ" என்றேன். "பணம் கேக்க வரல."

"ஏம்மா எடுக்கணும்? அதப் பாத்து எத்தன பேரு அழுதாங்க தெரியுமா? அந்தப் படத்த பாத்துதான் வேற குடும்பங்களுக்கு ஒதவி கெடைக்குது."

"அவங்க அழுதது நான் சொல்லாத ஒண்ணுக்கு."

"பாருங்கம்மா," அவர் முன்னால் சாய்ந்தார். "அஸ்காருல இருந்த சிப்பாய்ங்கள பத்தி நம்ம ஆளுங்களுக்கே ஒண்ணும் தெரியாது. நம்ம பசங்களும் இந்த நாட்டுக்கு ரத்தம் சிந்துனாங்கன்னு காட்டணும். பொண்டாட்டிய அடிச்சாங்கன்னு காட்டுனா யாரு காசு போடுவா? வீட்டுக்குள்ள நடந்தத வீட்டுக்குள்ளயே வைங்க."

"வீட்டுக்குள்ளயே வச்சதாலதான் இந்த அக்கா கழுத்த நெரிச்சாங்க" என்றேன்.

அக்கா எழுந்து துப்பட்டாவை எடுத்து மேசைமேல் வைத்தார். அன்றைக்கு அவர் கழுத்தில் ஒன்றும் இல்லை. வெறும் வயதான கழுத்து. ஆனாலும் டத்தோ பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

 அவருடைய குரல் மாறியது.

"என் அண்ணன் அதே காட்டுலதான் செத்தான். பொட்டியில வந்தான். தெறக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. எங்கம்மா சாவுற வரைக்கும் அந்தப் பொட்டியப் பத்தியே பேசிச்சு. அவனுக்காகத்தான் இந்த அறவாரியம். அவனப் போல உள்ளவங்களப் பத்தி நல்லது மட்டும்தான் இங்க கேக்கணும். வேற எதுவும் எனக்கு வேணாம்."

அந்த அறையில் நான் கொஞ்சம் இளகியிருக்கலாம். இளகவில்லை.

"உங்க அண்ணன் உயிரோட திரும்பியிருந்தா, அவரு பொண்டாட்டியும் எங்ககூட சனிக்கெழம வந்து உக்காந்திருப்பா டத்தோ. அவளயும் நீங்க டீ ஆத்தச் சொல்லிப் படம் எடுத்திருப்பீங்க."

அவர் முகம் வெளுத்தது. கையால் கதவைக் காட்டினார்.

"வெளிய போங்க."

போனோம். காருக்குள் உட்கார்ந்ததும் அக்கா, "அப்படிச் சொல்லியிருக்க வேணாம்லா" என்றார். "செத்தவன இழுத்திருக்க வேணாம்."

"செத்தவர வச்சிக்கிட்டுத்தானே நம்மள ஊமையாக்குறாரு" என்றேன். அக்கா துப்பட்டாவில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூசியைத் தட்டிக்கொண்டே வந்தார். அவர் சொன்னது சரியோ என்று இன்றைக்கும் சில நேரம் தோன்றும். சொன்னதைத் திரும்ப வாங்க மட்டும் தோன்றியதில்லை.

சில நாளில் படத்தை மாற்றிப் போட்டார்கள். என் பேச்சை எடுத்துவிட்டார்கள். நான் மட்டும் இருக்கிறேன். வாய் திறக்காமல் டீ ஆற்றுகிறேன். பின்னால் வயலின். மறுபடியும் அழைத்து என் படத்தையும் எடுக்கச் சொன்னேன். பார்க்கிறோம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மகளுக்கு நடந்ததையெல்லாம் சொன்னேன். "அப்பா மேடையில சொன்னாரா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

எங்கள் குழு இப்போது என் வீட்டுப் போர்ட்டிக்கோவில் கூடுகிறது. தாதி தைப்பிங்கிலிருந்து ரயிலில் வருகிறார். நான் நிலையத்துக்குப் போய் ஏற்றிவருகிறேன். விருந்து மண்டபத்தில் தட்டு எடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி தேடி விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறாள். அவள் புருஷன் ராணுவத்திலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. வெளிநாட்டில் அமைதிப் படையில் இருந்துவிட்டு வந்தவன். "அன்னைக்கு அங்கிள் பேசுனத கேட்டேன்க்கா" என்று மட்டும் சொன்னாள். முதல் இரண்டு சனிக்கிழமை வேறு எதுவும் பேசவில்லை.

நாங்கள் கூடும் நாளில் என் கணவர் வீட்டில் இருப்பதில்லை. நான் போகச் சொன்னதில்லை. காலையிலேயே செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு மாமாக் டீக்கடைக்குப் போய், பேப்பரோடு உட்கார்ந்துவிடுவார். நாங்கள் கலைந்த பிறகு வருவார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நல்ல மழை. கடையில் எதற்கோ சீக்கிரம் சாத்திவிட்டார்கள் போல. கேட்டுக்கு வெளியே, எதிர்வீட்டுக் கூரை நீட்டத்துக்குக் கீழே அவர் நிற்பதைச் சிம்பாங் பூலாய் அக்காதான் முதலில் பார்த்தார். சாரல் அடித்துச் சட்டை நனைந்திருந்தது. ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு, சுவரில் சாய்ந்து, எங்கள் பக்கம் பார்க்காமல் நின்றார்.

"உள்ள வரச் சொல்லும்மா. பாவம், நனையுறாரு" என்றார் அக்கா.

புதிதாக வந்த அந்தப் பெண் அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்து, வீட்டில் நடப்பதைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

"நிக்கட்டும்" என்றேன்.

தாதி அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "அப்புறம் நீ என்ன செஞ்ச?" என்று கேட்டார். அவள் தெருவை ஒருமுறை பார்த்தாள், பிறகு சொன்னாள்.